கச்சான் மாதத்தில் கயாக்: அரியமான் கடலில் ஒரு சாயங்காலத் தூண்டில்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இராமநாதபுரம் மாவட்டத்தின் வடக்குக் கரையில் நின்று பார்க்கிறவருக்கு எதிரே இருப்பது கடல் என்றே தோன்றாது. ஆற்றங்கரை, பிரப்பன்வலசை, அரியமான் என்று உச்சிப்புளியை ஒட்டி இருக்கும் ஊர்களில் வைகாசி, ஆனிச் சாயங்காலங்களில் கரையோரத் தண்ணீர் கண்மாய் மாதிரி கிடக்கும். அதே நேரத்தில் தெற்கே வேதாளைப் பக்கம் மன்னார் வளைகுடா கரையை அறைந்துகொண்டிருக்கும். தெற்கே ஆண்கடல், வடக்கே பெண்கடல் என்று இங்கே சொல்வார்கள். ஐப்பசிக்குப் பிறகு வாடை கிளம்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். வடக்கு கொந்தளிக்கும், தெற்கு படுத்துவிடும்.

கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு, வைத்திருப்பவனுக்கு இது பெரிய வசதி. ஒரே மாவட்டத்தில் இரண்டு கடல், எந்த மாதமானாலும் ஏதோ ஒன்று அமைதியாக இருக்கும். ஆனால் அந்த அமைதிக்கு ஒரு காரணம் உண்டு, அதைப் புரிந்துகொள்ளாமல் துடுப்பைத் தொடக் கூடாது. கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. நிலத்தைக் கடந்து வந்து வடக்குக் கடலில் இறங்குகிறது. கரையோரத்தில் அலை எழும்பாததற்குக் காற்று இல்லாதது காரணம் அல்ல. அலையாகத் திரள்வதற்கு அந்தக் காற்றுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு கிலோமீட்டர் உள்ளே போய்ப் பாருங்கள், அதே காற்று வெள்ளை நுரையாகச் சிதறிக்கொண்டிருக்கும். போகும்போது முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பும் காற்று, திரும்பும்போது முகத்தில் நின்று மறிக்கும். அந்தக் காற்று தள்ளும் வடகிழக்கே அடுத்த கரை வேறு நாட்டுக் கடல் எல்லையையும் தாண்டித்தான் இருக்கிறது.

அதனால் இந்தப் பக்கம் கயாக்கில் மீன் பிடிப்பதில் முக்கால் பங்கு வேலை காற்றைப் பார்ப்பது. மீன் மீதிக் கால் பங்கு. போன வைகாசிக் கடைசியில் நானும் மாப்பிள்ளையும் போன ஒரு சாயங்காலத்தை வைத்து இதைச் சொல்கிறேன். மாப்பிள்ளை என்றால் உறவு முறை அல்ல, பரமக்குடிப் பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கம்.

அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இந்த வடக்குக் கடலான பாக் விரிகுடாவில் மற்ற மாதங்களிலும் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று ஒரு பழைய ஏற்பாடு நடக்கிறது. வலைகள் அறுபட்டு, சண்டை முற்றி, அதன் பிறகு வந்த ஏற்பாடு. தடைக்காலத்தில் விசைப்படகுகளின் இழுவை மடி வலை இல்லாததால் கரையோரம் மீன் நடமாட்டம் கொஞ்சம் தெரியும் என்பது என் எண்ணம். படகு போக்குவரத்து குறைவு என்பது அதைவிடப் பெரிய நன்மை. தண்ணீருக்கு ஓரடி மேலே உட்கார்ந்திருக்கும் ஆளை விசைப்படகுக்காரர் பார்க்கவே முடியாது.

புறப்படும் முன் காற்றுக் கணிப்பைப் பார்த்தோம். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடல்நிலை அறிவிப்பு தருகிறது. வானிலைத் துறை மீனவர் எச்சரிக்கை தருகிறது. செல்போனில் விண்டி மாதிரி செயலிகளும் உண்டு. எதைப் பார்த்தாலும் சராசரி வேகத்தோடு நிறுத்தாமல், பக்கத்தில் இருக்கும் வீச்சு வேகத்தையும், அதாவது திடீர் திடீரென்று எழும் காற்றின் வேகத்தையும், பாருங்கள். அன்றைக்குச் சராசரி மணிக்கு 14 கிலோமீட்டர், வீச்சு 22 என்று காட்டியது. நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்றாக இருந்தால் சராசரி 20 தாண்டும் நாளில் நாங்கள் இறங்குவதில்லை. கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றானால் அதே 20ஐப் பொறுத்துக்கொள்ளலாம். கஷ்டப்படுத்தும், நனைக்கும், ஆனால் கடைசியில் கரையில்தான் கொண்டுவந்து போடும்.

நாலு மணிக்கு அரியமானில் சவுக்குத் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தினோம். மேற்கூரையில் கட்டியிருந்த இரண்டு கயாக்கையும் இறக்கிக்கொண்டிருக்கும்போது, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு அண்ணன் எழுந்து வந்தார்.

“எங்கிட்டுப் போறீக தம்பி?”

“இங்கிட்டுத்தான்ணே, மேக்காம, பாசி ஓரமா.”

“கச்சான் அஞ்சு மணிக்கு மேல ஏறும். கரைய விட்டுறாதீக. இருட்டுனா அடங்கிரும்னும் நெனைக்காதீக, ராவெல்லாம் அடிக்கும்.” அப்புறம் கையை நீட்டிக் காட்டினார். “அந்தக் கொடி தெரியுதுல்ல? அதுக்கு அங்கிட்டு நண்டு வலை கெடக்கு. பாத்துப் போங்க.”

இந்த மூன்று வரி எந்தச் செயலியிலும் கிடைக்காது. எந்தக் கரைக்குப் போனாலும் இறங்குவதற்கு முன் அங்கே இருக்கும் மீனவரிடம் பேசிவிடுங்கள். காற்று பற்றிய தகவலுக்காக மட்டுமல்ல. அவர்களுக்கு அது தொழில் செய்யும் இடம். நாம் விளையாட்டுக்கு வந்தவர்கள். வலை எங்கே விரித்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போகிறவனை யாரும் முறைத்துப் பார்த்து நான் கண்டதில்லை.

எங்கள் கயாக் இரண்டும் மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. பன்னிரண்டு அடி நீளம், இரண்டரை அடி அகலம், முப்பது கிலோ சொச்சம் எடை. குழிக்குள் காலை நுழைத்து உட்காரும் வகை வேகமாகப் போகும், ஆனால் தூண்டிலுக்கு ஆகாது. ஒருமுறை தண்ணீர் ஏறிவிட்டால் இறைத்துத்தான் மீள வேண்டும். மேலே உட்காரும் வகையில் தளத்தில் துளைகள் இருக்கும். ஏறும் தண்ணீர் அதன் வழியே தானாக இறங்கிவிடும். கட்டுமரமும் இதே கணக்குத்தான்: தண்ணீரைத் தடுக்கப் பார்க்காது, வழிவிடும். பாம்பன், மண்டபம் பக்கம் தெர்மாகோல் பலகைகளைச் சாக்கில் பொதிந்து கட்டிய ஒற்றையாள் தெப்பத்தில் மீன் பிடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் இருக்கும் சமநிலை நமக்கு வர வருஷங்கள் ஆகும்.

மூழ்காது என்று சொன்னாலும் கயாக்கின் உள்கூடு வெறும் காற்று. அடியில் ஒரு திருகுமூடி இருக்கும், மேலே ஒன்றிரண்டு பெட்டிக் கதவுகள். இறக்கும் முன் இவற்றை ஒருதரம் கையால் திருகிப் பார்க்க வேண்டும். உள்ளே பத்து லிட்டர் தண்ணீர் சேர்ந்தாலே போதும், சாயும் பக்கமெல்லாம் அது ஓடி நம்மைக் கவிழ்க்கப் பார்க்கும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி விவாதமே வேண்டாம். காலடியில் வைத்துக்கொண்டு போவது, போடாமல் போவதற்குச் சமம். முதுகுப் பக்கம் மெல்லியதாகத் தைத்த ரகம் கயாக் நாற்காலியில் சாய்ந்து உட்காரத் தோதாக இருக்கும். அதிலேயே விசில், சின்னக் கத்தி. செல்போன் நீர்புகா உறையில், கயாக்கில் அல்ல, உடம்பில். கவிழ்ந்தால் கயாக் காற்றோடு போய்விடும், போனும் கூடவே போய்விடக் கூடாது. துடுப்பை ஒரு கயிற்றால் கயாக்கோடு கட்டுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர், முழுக்கைச் சட்டை, தொப்பி. இருட்டும் வரை இருக்கப்போகிறோம் என்றால் பின்னால் ஒரு கம்பில் எல்லாப் பக்கமும் தெரிகிற வெள்ளை விளக்கு.

இவ்வளவு வாங்கியும் பலர் செய்யாத ஒன்று உண்டு: கவிழ்ந்து ஏறிப் பழகுவது. முதல் மீனைப் பிடிக்கும் முன்பு நெஞ்சளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, திரும்ப ஏறிப் பாருங்கள். கயாக்கின் நடுப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து, நீந்துவது போல் காலை உதைத்து, வயிற்றைத் தளத்தின் மேல் போட வேண்டும். அப்புறம் மல்லாந்து புரண்டு உட்கார்ந்து காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். கால் கீழே தொங்கிய நிலையில் கையால் மட்டும் இழுத்து ஏறப் பார்த்தால் கயாக் நம் மேலேயே கவிழும். நான் பார்த்தவரையில் ஆட்கள் விழுவது மீன் இழுப்பதால் அல்ல. பின்னால் வைத்த பெட்டியை எடுக்கத் திரும்பும்போதுதான். அதனால் முள், இடுக்கி, இரை எல்லாமே முன்னால், முழங்கால்களுக்கு நடுவே.

இன்னொன்று கரையில் இருக்கும் ஆள். மாப்பிள்ளையின் அக்காவிடம் எங்கே இறங்குகிறோம், எந்த நிறத்துக் கயாக், எத்தனை மணிக்குள் போன் வரும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தோம். ஏழே காலுக்குள் தகவல் இல்லையென்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு அடிக்க வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்திலும் முன்னமே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது இந்தக் கரையில் அவசியம். இலங்கை பக்கத்தில் இருப்பதால் கடத்தல் கண்காணிப்பு எப்போதும் உண்டு. பதிவெண் இல்லாத ஒரு சின்ன ஓடம் இருட்டில் நகர்ந்தால் கேள்வி வரத்தான் செய்யும், வர வேண்டியதும்தான்.

நாலரை மணிக்குத் தண்ணீரில் இறங்கினோம். முதல் வேலை மேற்கே, கரையை ஒட்டியே, ஒரு கிலோமீட்டர் துடுப்புப் போட்டுப் போவது. காற்று தென்மேற்கு என்பதால் இது ஓரளவு எதிர்க்காற்று. உடம்பில் தெம்பு இருக்கும்போதே கஷ்டமான பக்கம் போய்விட வேண்டும். அப்புறம் காற்று நம்மை மெதுவாகக் கிழக்கேயும் வடக்கேயும் தள்ளும், அந்த நகர்விலேயே மீன் பிடித்துக்கொண்டு, எல்லையைத் தொட்டதும் கரையை நோக்கி ஏறிவிடலாம். எங்கள் எல்லை கரையிலிருந்து அரை கிலோமீட்டர். செல்போன் செயலி தூரத்தைக் காட்டும் என்றாலும் ஈரக்கையால் அதை நோண்டிக்கொண்டிருக்க முடியாது. கண்ணுக்கு ஒரு அடையாளம் தேவை. சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு செல்போன் கோபுரம் உண்டு. தோப்பின் தலைக்கு மேலே கோபுரத்தின் இரண்டாவது சிவப்புப் பட்டை தெரிய ஆரம்பித்தால் எல்லை வந்துவிட்டது. கரையை விட்டு விலக விலக, மரத்துக்குப் பின்னால் மறைந்திருப்பது மேலே எழும்பி வரும். இதைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மேற்கே போகும்போது சும்மா போவானேன்? மீன் வடிவத்தில் ஒரு விரல் நீளச் செயற்கை இரையை இருபத்தைந்து மீட்டர் பின்னால் விட்டுவிட்டுத் துடுப்புப் போட்டோம். கயாக்கின் சாதாரண வேகம், மணிக்கு நாலைந்து கிலோமீட்டர், இந்த வகை இழுப்புக்கு என்றே அளந்த மாதிரி இருக்கும். ஏழடிக் கம்பு, நாலாயிரம் அளவு ரீல், முப்பது பவுண்டு பிரெய்டு எனும் பின்னல் நூல். அதன் முனையில் நாற்பது பவுண்டு நரம்பு ஒன்றரை மீட்டர், ஊளி நடமாடும் இடம் என்பதால் அதற்கும் முன்னால் ஒரு சாண் கம்பி. ஊளியின் பல்லுக்கு நரம்பெல்லாம் நூல். கம்பியைப் பார்த்து மற்ற மீன்கள் கொஞ்சம் விலகும் என்பது உண்மைதான்; ஆனால் வாயில் முள்ளோடு ஒரு மீனை விட்டுவிடுவதைவிட அது மேல்.

பத்து நிமிடத்தில் மாப்பிள்ளையின் கம்பு வளைந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பாறைக்குட்டி. விட்டுவிட்டான். அதற்கப்புறம் மேற்கு முனை வரை ஒன்றுமில்லை.

இங்கே அடித்தரை பெரும்பாலும் கடற்புல். மூன்று மீட்டர், நாலு மீட்டர் ஆழம். வெயில் இருக்கும்போது மேலே இருந்தே புல்லும் மணல் திட்டும் மாறி மாறித் தெரியும். மீன் இருப்பது புல்லின் நடுவில் அல்ல, புல்லும் மணலும் சேரும் ஓரத்தில். நங்கூரம் போடுவது எனக்குப் பிடிக்காது. கொக்கி புல்லைக் கொத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும். பேராமையும் ஆவுளியா எனும் கடற்பசுவும் மேயும் புல் அது. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது இந்தப் புல்வெளிகளை வைத்துத்தான். நங்கூரம் போட்டே ஆக வேண்டும் என்றால் கயிற்றை மூக்கிலோ வாலிலோ மட்டும் கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டினால் அலை ஒரு பக்கம், கயிறு ஒரு பக்கம் இழுத்து ஆளைப் புரட்டிவிடும்.

நங்கூரத்துக்குப் பதில் நாங்கள் வாலில் கட்டி விடுவது ஒரு துணிக்கூம்பு. தண்ணீருக்குள் விரிந்து நின்று நகர்வைப் பாதியாகக் குறைக்கும். அது இல்லாமல் அன்றைய காற்றில் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருப்போம். இரை தரையைத் தொடும் முன்பே இடம் மாறிவிடும்.

இறால் துண்டை முள்ளில் குத்தி, சின்ன ஈயக்குண்டோடு புல் ஓரத்தில் இறக்கினோம். முதலில் வந்தது கொத்திக் கொத்தி ஏமாற்றும் ஓரா. அதன் முதுகு முள்ளிலும் அடி முள்ளிலும் விஷம் உண்டு, வெறும் கையால் பிடிக்கக் கூடாது. அடுத்து கெளுத்தி. இதற்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். குத்தினால் வலி தோள் வரை ஏறும். முதலுதவி சுடுதண்ணீர்: கை பொறுக்கும் சூட்டில், கொப்புளம் போடாத அளவுக்கு, அரைமணி நேரத்துக்குக் குறையாமல் முக்கி வைக்க வேண்டும். விஷம் சூட்டில் வலுவிழக்கும். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் பரவினாலோ ஆஸ்பத்திரிதான். கயாக்கில் சுடுதண்ணீருக்கு எங்கே போவது? அதனால் கெளுத்தி வந்தால் அதைக் கயாக்குக்குள் ஏற்றுவதே இல்லை. தண்ணீர் மட்டத்திலேயே வைத்து நீள மூக்கு இடுக்கியால் தூண்டில் முள்ளைத் திருப்பிவிடுவோம், வராவிட்டால் நரம்பை அறுத்துவிடுவோம். பேத்தைக்கும் கடல்பாம்புக்கும் இதே மரியாதை. பாம்பு தூண்டிலில் வருவது அபூர்வம், ஆனால் வரும்.

அப்புறம் இரண்டு விளமீன், ஒன்று முக்கால் கிலோ தேறும். சத்தமில்லாத, நேர்மையான மீன். எடுத்தால் எடுக்கும், எடுக்காவிட்டால் கிட்டேயே வராது.

முதல் நகர்வில் எல்லைக்கு வந்து, கரைக்கு ஏறி, மறுபடி மேற்கே போய் இரண்டாவது நகர்வைத் தொடங்கும்போது மணி ஐந்தே முக்கால். அண்ணன் சொன்னபடியே காற்று ஏறியிருந்தது. கரைத் தோப்பில் சவுக்கின் இரைச்சல் தண்ணீர் வரைக்கும் கேட்டது. எல்லையை அரை கிலோமீட்டரிலிருந்து முந்நூறு மீட்டராகக் குறைத்துக்கொண்டோம்.

“மாப்ள, இனி கோபுரத்துல மொதப் பட்டை தெரிஞ்சாலே ஏறிரணும்.”

“மீனு நிக்கிறது அங்கிட்டுல்ல.”

“நிக்கட்டும்.”

ஆறு மணியிலிருந்து ஆறரை வரைதான் இந்தக் கடலின் நல்ல நேரம். சூரியன் மேற்கே கரையோரமாகச் சரியும்போது சின்ன மீன்கள் கூட்டம் கூட்டமாகப் புல்லை விட்டு மேலே வரும், அவற்றைத் தேடிப் பெரியவை வரும், கணவாயும் வரும். இறால் வடிவத்தில், வாலில் ஊசி வளையம் வைத்த கணவாய்த் தூண்டிலை மாட்டினேன். தரை வரை இறக்கிவிட்டு, இரண்டு முறை வெட்டி இழுத்து, அப்படியே விட்டுவிட வேண்டும். கணவாய் பிடிப்பது அது விழும்போதுதான். நரம்பில் கனம் கூடியது போல் மட்டும் தெரியும், கொத்தல் எதுவும் இராது. அந்த நேரத்தில் பலமாக வெட்டினால் கணவாயின் கை பிய்ந்து வந்துவிடும். ஒரே சீராகச் சுற்றி மேலே கொண்டுவந்து, கயாக்குக்கு ஒரு கை தூரத்தில் தண்ணீரிலேயே நிறுத்தி, மையை அங்கேயே துப்ப விட வேண்டும். அவசரப்பட்டுத் தூக்கினால் மடி முழுக்க மை. ஓட்டுக்கணவாய் ஒன்றும் ஊசிக்கணவாய் இரண்டும் கிடைத்தன.

சூரியன் விழும் தறுவாயில் மாப்பிள்ளை மேற்பரப்பில் உலோக இரையை வீசி இழுத்துக்கொண்டிருந்தான். கொத்தல் அடித்த சத்தம் எனக்கே கேட்டது. ரீல் ஒரே ஓட்டமாகப் பாடியது. ஊளிதான், அதில் சந்தேகமில்லை. தண்ணீரை விட்டு முழு நீளமும் ஒருதரம் எழும்பிக் காட்டியது.

பெரிய மீன் கயாக்கையே இழுத்துக்கொண்டு போகும். படகில் நின்று பிடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் அதுதான். கம்பைப் பக்கவாட்டில் நீட்டினால் மீன் அந்தப் பக்கமே நம்மைச் சாய்க்கும். கம்பு எப்போதும் மூக்கை நோக்கி இருக்க வேண்டும். கயாக் தானாகத் திரும்பி மீனைப் பார்த்து நிற்கும். தேவைப்பட்டால் இரண்டு காலையும் இரண்டு பக்கமும் தண்ணீரில் தொங்கவிட்டு உட்காரலாம், கவிழ்வது கஷ்டம். துணிக்கூம்பை முதலிலேயே ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் மீன் அதைச் சுற்றும். மாப்பிள்ளை எல்லாம் சரியாகத்தான் செய்தான். ஆனால் மீன் ஓடிய திசை வடக்கு. காற்றும் வடக்கே தள்ளியது. நான் கம்பைச் செருகிவிட்டு, துடுப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒருவருக்கு மீன் மாட்டினால் மற்றவர் தன் தூண்டிலைச் சுற்றிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம். அப்போது கடலைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், ஏனென்றால் மீன் மாட்டியவன் மீனைத் தவிர எதையும் பார்க்க மாட்டான்.

இரண்டாவது பட்டை தெரிந்தது. அடுத்து மூன்றாவது.

“மாப்ள, ரெண்டு பட்டையும் தாண்டியாச்சு.”

“இன்னும் அஞ்சு நிமிசம்.”

“வேண்டாம். பிரேக்க முறுக்கு. வந்தா வரட்டும், அறுந்து போனா போகட்டும்.”

நரம்பு ஓடுவதைத் தடுக்கும் ரீலின் பிடியை அவன் இறுக்கினான். கம்பு பாதி வட்டமாக வளைந்தது. ஊளி ஒருதரம் தலையை உதறியது, முடிச்சில் பட்டென்று அறுந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் அவன் என்னிடம் பேசவில்லை. ஐந்து நிமிடமும் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்ததால் அது பெரிதாகத் தெரியவில்லை.

எதிர்க்காற்றில் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. உடம்பை முன்னால் சாய்த்து, துடுப்பைத் தாழ்வாகப் பிடித்து, சின்னச் சின்ன வீச்சாக, நிறுத்தாமல். தலைக்கு மேல் உயரும் துடுப்பு இலையைக் காற்று பிடித்துக்கொள்ளும். கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி, காலை ஊன்றித் தள்ள வேண்டும். ஓய்வெடுக்க நின்றால் பெற்றதில் பாதி போய்விடும், அதனால் வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. வண்டி நிற்கும் இடத்தைக் குறி வைக்காமல் பக்கத்தில் இருக்கும் கரையைக் குறி வைத்தோம். கரைக்குப் போய்விட்டால் தோப்பின் மறைப்பில் காற்று பாதியாகிவிடும், அங்கிருந்து முழங்காலளவுத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே நடக்கலாம். அமைதியான தண்ணீரில் ஆறேழு நிமிடத்தில் கடக்கும் தூரம் இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. துடுப்பைக் கீழே வைத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் கயாக் எவ்வளவு பின்னால் போகிறது என்பதை ஒரு அமைதியான நாளில் பழகிப் பார்க்க முடியாது. அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வேன்: முதல் சில தடவை மிதமான காற்றில், மீன்கம்பு இல்லாமல், எதிர்க்காற்றில் துடுப்புப் போட மட்டும் போங்கள். நம் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தால்தான் எல்லை எங்கே என்று முடிவு செய்ய முடியும்.

வழியில் நண்டு வலையின் மிதவை வரிசை ஒன்று குறுக்கே வந்தது. கொடிக்கும் கொடிக்கும் நடுவே, வலை தாழ்ந்திருக்கும் இடத்தில், தொங்கும் எதையும் மேலே ஏற்றிக்கொண்டு கடந்தோம். நம் முள் வலையில் மாட்டினால் அறுக்க வேண்டியது நம் நரம்பை, வலையை அல்ல.

சூரியன் விழுந்து இருபத்தைந்து நிமிடத்தில் இங்கே நன்றாக இருட்டிவிடும். தலை விளக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தக் கடலில் முரல் அதிகம். ஊசி மாதிரி நீண்ட மூக்கு, மேற்பரப்பை ஒட்டியே நீந்தும், வெளிச்சத்தைப் பார்த்தால் தண்ணீரை விட்டு அம்பாகப் பாயும். இந்த வகை மீன் பாய்ந்து குத்திப் பலத்த காயம்பட்டவர்கள் உலகின் பல கடல்களில் இருக்கிறார்கள். நம் தலை தண்ணீருக்கு மூன்றடி உயரத்தில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அதனால் நெற்றியில் விளக்கை எரியவிட்டுக்கொண்டே துடுப்புப் போடாதீர்கள். பின்கம்பு விளக்கு போதும். முள்ளைக் கழற்ற வேண்டுமானால் கைவிளக்கை மடிக்குள் தாழ்த்தி அடிக்கலாம்.

கரை நெருங்கி இறங்கும்போதும் ஒரு வேலை பாக்கி. கணுக்கால் தண்ணீரில் திருக்கை மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலை உரசி இழுத்தபடியே நடக்க வேண்டும். காலின் பக்கவாட்டு பட்டால் அது விலகி ஓடிவிடும், மேலே மிதித்தால்தான் வாலைச் சுழற்றும். அடி கனமான ரப்பர் செருப்பு போட்டிருந்தாலும் உரசித்தான் நடக்க வேண்டும். அந்த முள்ளுக்குச் செருப்பெல்லாம் ஒரு பொருட்டல்ல.

கரை ஏறியதும் முதலில் அக்காவுக்குப் போன். மணி ஏழு ஐந்து. “மீன் உண்டா?” என்றுதான் கேட்டார், பத்திரமா என்று கேட்கவில்லை; சொன்ன நேரத்துக்குள் போன் வந்ததே அதற்குப் பதில்தானே. வலை பொத்திய அண்ணனுக்குப் பெரிய விளமீனைக் கொடுக்கப் போனால், “எனக்கு எதுக்குத் தம்பி மீனு?” என்று சிரித்துவிட்டார். ஊளி போன கதையைக் கேட்டுக்கொண்டு, “அறுத்துக்கிட்டுப் போனதுதான் நல்லது. நீங்க அது பின்னால போயிருந்தா நாங்கள்ல தேடி வரணும்” என்றார். மாப்பிள்ளைக்கு அதன் பிறகுதான் மனசு ஆறியது.

வீட்டுக்கு வந்ததும் மீனுக்கு முன்னால் ரீல். உப்பு ஒரு ராத்திரி தங்கினாலே போதும், பேரிங் கரகரக்க ஆரம்பிக்கும். குழாயைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும். பிடியை இறுக்கி வைத்துக்கொண்டு நல்ல தண்ணீரை மேலாக வழியவிட்டு, துடைத்து, நிழலில் காய விட்டு, காய்ந்த பிறகு பிடியைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கும் வட்டுகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். பிரெய்டில் முதல் இரண்டு மீட்டரை விரலால் நீவிப் பார்த்து, சொரசொரப்பு தட்டினால் வெட்டி எறிந்துவிட்டுப் புது முடிச்சு போடுங்கள். லைஃப் ஜாக்கெட்டை வெயிலில் காயப் போடக் கூடாது, துணி மக்கிவிடும். கயாக்கின் அடித் திருகுமூடியைத் திறந்து, வாலைத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் வந்தால் வழக்கமான ஈரம். ஒரு சொம்புக்கு மேல் வந்தால் எங்கோ கசிகிறது, அதைக் கண்டுபிடிக்கும் வரை அடுத்த பயணம் கிடையாது.

கணவாயை அக்காதான் சுத்தம் செய்தார். ஓட்டை உருவி, மைப்பையை உடையாமல் எடுத்து, வளையமாக நறுக்கி, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தார். விளமீன் குழம்புக்குப் போனது. ஊளியைப் பற்றி மாப்பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் சொன்ன நீளம், கடலில் நான் பார்த்ததைவிட ஒரு அடி கூடுதல்.